சபையில் சொன்ன வகுப்பு

செம்மலை வாத்தியார் முதல் தடவை பெற்றோர் கூட்டம் போட்டபோது பூலாங்கண்மாய்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு வெள்ளாடு. அதுவும் கூட்டத்துக்காக வரவில்லை, வாசலில் கட்டியிருந்த மாவிலையைத் தின்ன வந்தது. இந்தக் கதையை உடையப்பன் அம்பலம் நெற்குப்பை டீக்கடையிலும் திருப்பத்தூர்ச் சந்தையிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கூட்டத்துக்குப் போகாதவர்களில் தானும் ஒருவர் என்பது அந்தச் சிரிப்புக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை.

போகாததற்கு அவரிடம் நியாயம் இருந்தது. வாத்தியார் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டிருந்தார். மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு பிள்ளை வந்து, "நாளைக்கு உங்களை வரச் சொன்னாக" என்றால் அது அழைப்பாகிவிடுமா? அந்தப் பக்கத்தில் கிடாவெட்டுச் சோற்றுக்குக்கூட வீடு தேடி வந்து, பெயர் சொல்லி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் கை நனைக்கப் போவார்கள். அவர் மகள் பொன்னுத்தாயியும் வந்து சொல்லத்தான் செய்தாள். "வாத்தியார் வந்து கூப்பிடட்டும் தாயி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உடையப்பன் அந்த ஊருக்கு அம்பலம். அம்பலம் என்றால் கிரீடமெல்லாம் கிடையாது. ஊர்க்கூட்டத்தில் முதல் பேச்சு அவருடையது, முடிவுப் பேச்சும் அவருடையது, அவ்வளவுதான். அந்த ஊர்க்கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சபையில் ஒருவன் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அது பொய்யென்று ஆகிப்போனால், அதே ஆட்களைத் திரும்பக் கூட்டி, அவர்கள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "நான் சொன்னது பொய்" என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். போன தை மாதம் வீரணன் அப்படி விழுந்தான். முறை இல்லாத நாளில் கண்மாய் மடையைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மடைப் பக்கமே தான் போகவில்லை என்று சபையில் சொல்லியிருந்தான். விழுந்து எழுந்தபோது அவன் நெற்றியிலும் மீசையிலும் புழுதி. அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் நின்று பார்த்தார்கள். அவனை விழச் சொன்னது உடையப்பன்தான்.

பொன்னுத்தாயி அன்று சாவடித் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பொய் சொன்னா யாரா இருந்தாலும் விழணுமாய்யா?"

"யாரா இருந்தாலும்."

"நீங்களுமா?"

"நானுந்தான். ஆனா உங்கய்யன் சபையில பொய் சொல்ல மாட்டான் தாயி."

மகள் இந்த வயதில் நியாயம் கேட்கிறாளே என்று அவருக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி அழகியிடம் சொல்லி இன்னொரு தடவை பெருமைப்பட்டுக்கொண்டார்.

வெள்ளாட்டுக் கூட்டத்துக்குப் பிறகு செம்மலை வாத்தியாருக்கு யாரோ புத்தி சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசியில் ஒரு நாள் வெயில் தாழ, வெளுத்த வேட்டி கட்டி, புதுத் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு ஊருக்குள் வந்தார். முதல் வீடாக அம்பலத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உடையப்பனுக்கு அந்த நிமிடமே வாத்தியாரைப் பிடித்துப்போயிற்று.

"சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துல கூடுறோம். நீங்களும் வரணும், பிள்ளையோட ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு வரணும்" என்றார் வாத்தியார்.

அழகி மாட்டுக்குத் தவிடு கரைத்த கையோடு கதவோரம் வந்து நின்றாள். இடுப்பில் கைப்பிள்ளை. "நானும் வரட்டா?" என்று கேட்டாள்.

"பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நீ எங்க வர்ற? நான் போனாப் பத்தாதா?"

அழகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தட்டை வாங்கிய பெருமையில் அவர் அங்குட்டுத் திரும்பிவிட்டதால், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள்.

அழைப்பு முறையாக வந்துவிட்டது, இனி செய்முறை செய்ய வேண்டாமா? பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சும் கடியாரமும் வாங்கிக் கொடுக்கும் விழாக்கள் அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்து ஊர்களில் நடந்துகொண்டிருந்தன. இதுவும் அப்படித்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் உடையப்பன் ஒரு பித்தளைக் குடத்துக்குப் பூச்சுற்றி ஆள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். அவருடைய பங்காளி கருத்தையா ஒரு வாழைத்தார் கொண்டுவந்தார். வீரணன் புதிதாகக் கட்டிய ஈச்ச விளக்குமாறு இரண்டைக் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். செம்மலை வாத்தியார் குடத்தையும் தாரையும் பார்த்துவிட்டு ஒரு நொடி திகைத்து நின்றார்.

"உங்ககிட்ட எதுவும் வாங்கக் கூப்பிடல" என்றார் பிறகு. "உங்க பிள்ளைகளைப் பத்தி நீங்க சொல்லணும், நான் கேக்கணும். எந்த வகுப்பு படிக்குது, எது நல்லா வருது, எதுல தடுமாறுது, வீட்டுல படிக்க நேரம் கிடைக்குதா, அதைச் சொல்லுங்க போதும். நீங்களும் நானும் சேந்து பாத்தாத்தான் பிள்ளை தேறும்."

பள்ளிக்கூடம் என்பது ஒரே கூடம்தான். சாணி மெழுகிய தரை. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் ஜமுக்காளம் விரித்திருந்தது. எதிர்ப்பக்கம் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பு ஒரு வரிசை, இரண்டாம் வகுப்பு ஒரு வரிசை என்று வகுப்பு வாரியாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பேச்சு யாருடையது என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லோரும் உடையப்பனைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார், துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊர்க்கூட்டத்தில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார்.

"எம்மக பொன்னுத்தாயி. மூணாம் வகுப்பு படிக்கிறா. புத்தகத்தைக் கையில எடுத்தா மழை பேஞ்ச மாதிரி வாசிப்பா. அவ படிப்புக்கு எங்க வீட்டுல ஒரு குறையும் வைக்கல."

எதிர்ப்பக்கம் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பக்கத்திலிருந்தவன் அவன் தொடையைக் கிள்ளினான். இரண்டாம் வகுப்பு வரிசையின் நடுவிலிருந்து பொன்னுத்தாயி எழுந்தாள். பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் காலையும் மிதிக்காமல் பின்னால் நகர்ந்து, மூன்றாம் வகுப்பு வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடையப்பன் அதைப் பார்த்தார். சன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் கண்ணில் அடிக்கிறது போல, அதுதான் தள்ளி உட்காருகிறாள் என்று நினைத்தார்.

வாத்தியார் அந்த வரிசையைப் பார்த்தார். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மனிதரை, அதுவும் அம்பலத்தை, சபையில் வைத்து எப்படி மறுத்துச் சொல்வது? "சந்தோசம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்பலத்துக்குப் பின் எழுந்தவர்கள் எல்லாரும், "எம்பிள்ளையும் நல்லாத்தான் படிக்குது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்கள். வாழைப்பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதும் உடையப்பனுக்குப் பேச்சு அடங்கவில்லை. தான் எழுந்தது, தான் பேசியது, வாத்தியார் சந்தோசம் என்று சொன்னது எல்லாவற்றையும் அழகிக்குச் சொன்னார். அவள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"மூணாம் வகுப்புன்னா சொன்னீக?"

"ஆமா."

"சபையிலயா?"

"பின்ன, சந்தையிலயா சொன்னேன்?"

"அவ ரெண்டாம் வகுப்புல" என்றாள் அழகி. "ரெண்டாம் வகுப்புலயே ரெண்டாவது வருசமா இருக்கா. போன வருசம் பெயிலாக்கிட்டாக."

பிசைந்த சோறு அப்படியே கையில் இருந்தது. அவருக்கு முதலில் வந்தது கோபம்தான், அது எப்போதும் முதலில் வந்துவிடும். "ஏண்டி, இதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டீகளா?" அழகி குரலை உயர்த்தவே இல்லை. "பெயிலான அன்னைக்கு அழுதுக்கிட்டு வந்தா. நீங்க மாட்டுச் சந்தைக்குப் போயிட்டு வந்தீக. அந்தக் காளைக்கு எத்தனை பல்லு, சுழி எங்க இருக்குன்னு படுக்குற வரைக்கும் பேசுனீக. எந்த எடத்துல இதைச் சொல்றது? அன்னைக்கு நானும் வாறேன்னு சொன்னது இதுக்குத்தான்."

உடையப்பன் கணக்குப் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்து இது மூன்றாவது வருடம், ஆகவே மூன்றாம் வகுப்பு. கன்றுக்குட்டிக்குப் பல் முளைப்பதைப் போலப் பிள்ளைக்கு வகுப்பும் தானாக ஏறிக்கொண்டு போகும் என்று இருந்துவிட்டார். அப்போதுதான் அந்த வெயில் அவர் நினைவுக்கு வந்தது. சன்னல் மேற்கே இருந்தது. பொன்னுத்தாயி எழுந்து போய் உட்கார்ந்த இடத்தில்தான் வெயில் அடித்தது, எழுந்த இடத்தில் நிழல்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தன் வாய் சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்கு அந்தப் பிள்ளை ஊர் பார்க்க இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள். வீரணன் மீசையில் ஒட்டிய புழுதியைப் பார்த்தவள் அவள். தன் அய்யனுக்கு அது வரக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தார். அவள் தம்பியின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அதன் கயிற்றைப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தாள். எழுப்பி என்ன கேட்பது? நின்றுவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் டீக்கடையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வீடு சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வழக்கத்தைவிட அதிகமாகவே மரியாதை காட்டி நகர்ந்து இடம் விட்டார்கள். வீரணன் மட்டும் டீயைக் குடித்து முடிக்காமலேயே எழுந்து போனான். கருத்தையாதான் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போய் யோசனை சொன்னார்.

"இதுக்குப் போயி ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீக? வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா மூணாம் வகுப்புல தூக்கிப் போட்டுட்டுப் போறாரு. சொன்னது மெய்யாயிரும். யாரு என்ன கேக்கப் போறா?"

அந்த யோசனை உடையப்பனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதே கேவலமாக இருந்தது, ஆனாலும் பிடித்திருந்தது. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தபோது, அந்த வாரம் ஒரு நாள் காலையில் செம்மலை வாத்தியாரே பள்ளிக்கூடத்தைப் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வயல் வரப்பில் வந்து நின்றார்.

"பொன்னுத்தாயிக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான இருக்கா. தினமும் பையை எடுத்துக்கிட்டுப் போறாளே."

"திங்கக்கிழமை வந்ததுதான். அப்புறம் வரல." வாத்தியார் சைக்கிளை வேப்பமரத்தில் சாத்தினார். "திங்கக்கிழமை வந்து மூணாம் வகுப்புல உக்காந்தா. உன் எடத்துக்குப் போம்மான்னேன். போக மாட்டேனுட்டா. எங்கய்யா சபையில சொல்லிட்டாக, நான் ரெண்டாவதுல உக்காந்தா அவுக விழணும்னு சொல்லி அழுதா. அவளால ரெண்டாவதுலயும் உக்கார முடியாது, மூணாவதுல நானும் விட மாட்டேன். அன்னைக்குப் போனவதான். இப்ப மத்தியானம் வரைக்கும் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில உக்காந்திருக்காளாம். பிள்ளைக சொல்லுதுக."

உடையப்பன் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல நினைத்திருந்ததை இப்போது சொல்லக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் சொன்னார். "மூணாம் வகுப்புலயே போட்டுருங்களேன் வாத்தியாரே. பிரச்சினை தீந்துரும்."

"போடலாம். நீங்க ஊர்ப் பெரியவுக, நீங்க சொன்னாப் போட்டுடறேன்" என்றார் வாத்தியார். "முதல்ல நீங்களே அவளை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுருங்க. அப்புறமும் போடணும்னா போடுறேன்."

அந்த நேரத்தில் பொன்னுத்தாயி வரப்பில் வந்துகொண்டிருந்தாள். தலையில் சும்மாடு, அதன்மேல் கஞ்சித் தூக்குச்சட்டி, தோளில் பள்ளிக்கூடப் பை. தினமும் அவருக்கு வயலுக்குக் கஞ்சி கொண்டுவருவது அவள்தான். அழகி பால் கறந்து, மாடுகளை அவிழ்த்துவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கித் தருவாள். பொன்னுத்தாயி கண்மாய்க்கரையைச் சுற்றி நடந்து வந்து கொடுத்துவிட்டு, அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போவாள். "எம்மக கஞ்சி கொண்டாந்தா கடியாரம் பாக்க வேண்டாம்" என்று உடையப்பன் ஆட்களிடம் சொல்லாத நாள் இல்லை. வாத்தியாரைக் கண்டதும் அவள் நடை நின்றது.

"வா தாயி. அய்யாவுக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு" என்றார் வாத்தியார், அதட்டாமல்.

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். கிளியைப் பற்றிய பாடம். பச்சைக் கிளி, பவள வாய், கொய்யாப் பழம் என்று கடகடவென்று வந்தது. அவர் சொன்ன மழை மாதிரிதான் வந்தது. ஒரு நொடி உடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு பார்த்தார். அவள் கண் புத்தகத்தில் இல்லை, அவர் முகத்தில் இருந்தது. விரித்திருந்த பக்கத்தில் கிளியே இல்லை. ஒரு வண்டியும் இரண்டு மாடுகளும் இருந்தன.

உடையப்பன் ஐந்தாம் வகுப்பு வரை போனவர், எழுத்துக் கூட்டத் தெரியும். குனிந்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். "இது என்ன தாயி?"

அவள் சொல்லைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "வண்டி" என்றாள்.

அது மாடு.

அவர் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்குத் தெரிந்த எத்தனையோ காரியங்கள் இருந்தன, எந்த மடையில் எவ்வளவு தண்ணீர், எந்த மாட்டுக்கு எந்த நேரம் வயிறு உப்பும் என்று எல்லாம் தெரியும். எட்டு வயது மகளுக்கு மாடு என்று வாசிக்கத் தெரியாது என்பது தெரியாது. "கெட்டிக்காரப் பிள்ளைதான வாத்தியாரே" என்றார். "வாசிக்க ஏன் வரல?"

"கெட்டிக்காரிதான். ஒரு தடவை காதுல விழுந்தா அப்படியே பிடிச்சுக்குவா. எழுத்துக் கூட்டி வாசிக்கிறது காலையில முதல் பாடம். இவ வந்து சேரும்போது அது முடிஞ்சு கணக்கு நடக்கும்." வாத்தியார் கொஞ்சம் தயங்கினார். "இதைச் சொல்லணும்னுதான் போன வருசத்துல இருந்து உங்களை வரச் சொல்லி இவகிட்டயே சொல்லிவிட்டேன். அது அழைப்பில்லைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அன்னைக்குச் சபையிலயாவது நான் சொல்லியிருக்கணும். வாய் வரல."

"நேரமாகி ஏன் போற தாயி?" என்று மகளிடம் கேட்டார் உடையப்பன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பொன்னுத்தாயி தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். சின்ன வெங்காயத்தை எடுத்து மூடியில் வைத்தாள். "ஆறிப்போகும்யா, குடிங்க" என்றாள்.

வாத்தியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உடையப்பன் சட்டியை வாங்கினார். வாங்காமல் என்ன செய்வது, பிள்ளை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு வாய் குடித்தார். இரண்டு வருடமாக இந்தக் கஞ்சியைக் குடித்து, மீசையைத் துடைத்து, மகள் தலையைத் தடவி அனுப்பியிருக்கிறார். அவள் படிப்பைத்தான் தினம் ஒரு சட்டி குடித்திருக்கிறார். குறை வைக்கவில்லை என்று வேறு சபையில் சொல்லியாயிற்று. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் உடையப்பன் அம்பலம் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். கருத்தையா தட்டைத் தொடவே மாட்டேன் என்றார்.

"பொடிப்பிள்ளைக முன்னாடி அம்பலம் விழுறதா? வெளியூர்க்காரன் கேட்டா வாயால சிரிக்க மாட்டான். ஒரு வகுப்பு முன்ன பின்ன இருந்தா என்ன, பொட்டப்பிள்ளைதான?"

"பொட்டப்பிள்ளைன்னுதான இத்தனை நாளாக் கேக்காம இருந்தேன்" என்றார் உடையப்பன். "தட்டை வாங்குங்க."

கடைசியாகத்தான் வீரணன் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனார் என்பதுதான் நிசம். வீரணன் கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினான்.

"என்ன காரியமுங்க?"

"வா. அங்க சொல்றேன்."

வீரணனுக்குப் புரிந்துவிட்டது. அவரைக் குத்திக்காட்ட அவனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்கப் போவதில்லை. அவன் தட்டிலிருந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டு நின்றான். குத்திக்காட்டியிருந்தால் உடையப்பனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை குடமும் தாரும் இல்லாமல் எல்லோரும் வந்தார்கள். அழகி கைப்பிள்ளையோடு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். பொன்னுத்தாயியையும் கூட்டி வந்திருந்தாள். சபை என்று தெரிந்ததுமே அவள் நேரே மூன்றாம் வகுப்பு வரிசைக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

உடையப்பன் எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அதைப் பார்த்ததும் கூடத்தில் இருமல்கூட நின்றுபோயிற்று.

"எம்மக பொன்னுத்தாயி, ரெண்டாம் வகுப்பு" என்றார். "பெயிலாகி ரெண்டாவது வருசமா ரெண்டாம் வகுப்பு. மூணுன்னு நான் இந்தச் சபையில சொன்னது பொய். வாசிப்பான்னு சொன்னதும் பொய். அவளுக்கு வாசிக்க வராது. வராததுக்குக் காரணம் நான். பிள்ளைக வாசிக்கிற நேரத்துல அவ எனக்குக் கஞ்சி சுமந்துக்கிட்டு இருந்தா. ஒரு குறையும் வைக்கலேன்னு சொன்னேன் பாருங்க, அது எல்லாத்துலயும் பெரிய பொய்."

சொல்லிவிட்டு விழுந்தார். பெரிய உடம்பு, மெதுவாகத்தான் இறங்கியது. சாணித் தரையில் நெற்றி பட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. எழுந்தால் எல்லா முகத்தையும் பார்க்க வேண்டும். வீரணன் வந்து கைகொடுத்துத் தூக்கினான். தன்னை அன்று யாரும் தூக்கவில்லை என்பதை அவன் மறந்திருக்க மாட்டான். நெற்றியிலும் மீசையிலும் புழுதியோடு உடையப்பன் நின்றார், துடைத்துக்கொள்ளவில்லை.

பொன்னுத்தாயி அழுதாள். சத்தமில்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவள் அத்தனை பாடுபட்டும் அய்யா விழுந்துவிட்டார். வாத்தியார் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளாகவே எழுந்தாள். பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து இரண்டாம் வகுப்பு வரிசையில், நடுவில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அங்கேயிருந்தே கேட்டாள்.

"அப்ப நாளைக்கழிச்சு உங்களுக்குக் கஞ்சி யாருய்யா கொண்டாருவா?"

சபையில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களும் பிள்ளைகள் சுமந்து வந்த கஞ்சியைக் குடித்தவர்கள்தான். கருத்தையா சன்னலுக்கு வெளியே பார்த்தார். வீரணன் தலையைக் குனிந்துகொண்டான், அவனுடைய மகள் எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். அழகி புருசனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுந்தபோது வராத கண்ணீர் உடையப்பனுக்கு இப்போது வந்தது. "நானே தூக்கிக்கிட்டுப் போறேன் தாயி" என்றார். "காலையில போகும்போதே எடுத்துக்கிட்டுப் போயிர்றேன். ஆறுனாலும் பரவால்ல. நீ மணியடிக்கும்போது இங்க இருக்கணும். ராத்திரி வந்து நான் வாசிக்கச் சொல்லிக் கேப்பேன்."

பொன்னுத்தாயி உடனே தலையாட்டிவிடவில்லை. ஜமுக்காளத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், எல்லோர் காதிலும் விழுந்ததா என்று பார்க்கிற மாதிரி. வாத்தியாரையும் பார்த்தாள். பிறகு புழுதி ஒட்டிய அப்பாவின் முகத்துக்கு வந்தாள்.

"சபையில சொல்லிட்டீகய்யா" என்றாள்.